கட்டபொம்மனின் முகத்தை யார் பார்த்தது? செப்புத் தகட்டில் ஏறிய தளபதிகளும், ஏறாத பாளையக்காரர்களும்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி பஸ்ஸுக்கோ திண்டுக்கல் பஸ்ஸுக்கோ காத்திருப்பவர்கள் அக்டோபர் மாதத்தில் சுவரைக் கவனித்திருப்பார்கள். 16ஆம் தேதி கட்டபொம்மன் நினைவு நாள். 24ஆம் தேதி மருது சகோதரர்கள் நினைவு நாள். முறுக்கிய மீசை, உருட்டும் விழி, கையில் வாள் என்று ஆளுயரப் படம். கீழே உள்ளூர்ப் பிரமுகர்கள் வரிசையாக, பாஸ்போர்ட் சைஸில், வெள்ளைச் சட்டையில்.

அந்த போஸ்டரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கீழே பொடிப்பொடியாக இருக்கும் முகங்கள் அத்தனையும் நிஜம். மேலே பெரிதாக இருக்கும் முகம் மட்டும் கற்பனை.

வீரபாண்டிய கட்டபொம்மன், ஊமைத்துரை, பெரிய மருது, சின்ன மருது, வேலுநாச்சியார், மதுரையை ஆண்ட கான்சாகிப் என்கிற மருதநாயகம் ஆகிய யாரையும் நேரில் உட்காரவைத்து வரைந்த படம் ஒன்றுகூட இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. பாடப்புத்தகம், தபால்தலை, சிலை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று எல்லாவற்றிலும் இருப்பது பிற்காலத்தில் வந்த முகங்கள்.

இவர்களோடு சண்டை போட்ட தரப்பின் கதை வேறு. கம்பெனி அதிகாரிகளின் முகங்கள் கித்தானில் இருக்கின்றன, சாக்கட்டி ஓவியமாக இருக்கின்றன, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்களாக லண்டன் அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. தோற்ற தளபதிக்குக்கூட முகம் இருக்கிறது. இது தற்செயலாக நடந்ததா?

1799: ஒரே ஆண்டு, இரண்டு காட்சிகள்

1799 மே 4. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் கொல்லப்பட்டார். செய்தி கிடைத்ததும் தாமஸ் ஹிக்கி என்ற ஐரிஷ் ஓவியர் களத்தில் இறங்கிவிட்டார். மைசூர்ப் போரில் பங்கெடுத்த அதிகாரிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கரியிலும் சாக்கட்டியிலும் முகம் வரைந்தார். அப்படி வரைந்தவை டஜன் கணக்கில் இன்றும் இருக்கின்றன. இவற்றை வைத்துப் பெரிய போர் ஓவியங்கள் தீட்டுவது, பிறகு அவற்றைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்பது என்பதுதான் அவருடைய திட்டம். திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. ஆனால் முகங்கள் தங்கிவிட்டன. திப்புவின் மகன்களையும் தர்பாரைச் சேர்ந்தவர்களையும்கூட அவர் வரைந்தார்.

அதே 1799, அக்டோபர் 16. கயத்தாறு. புளியமரத்தடியில் சுற்றியுள்ள பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிற்கவைத்து, மேஜர் பானர்மேன் விசாரணை என்ற பெயரில் ஒன்றை நடத்தி, கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். அங்கே ஓவியர் இல்லை.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சென்னை ராணுவம், ஐந்து மாத இடைவெளி. வித்தியாசம் தூரத்தில் இல்லை, அந்தஸ்தில் இருக்கிறது. கம்பெனியின் கணக்கில் திப்பு ஒரு மன்னர். மன்னரை வீழ்த்தியது பெருமை, அந்தப் பெருமைக்குப் படம் வேண்டும். பாளையக்காரர் என்பவர் கிஸ்தி கட்டாமல் முரண்டு பிடித்தவர், அவ்வளவுதான். அவரைப் படமாக்கினால் அவரையும் ஓர் எதிரி மன்னராக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடிதத்தில் ஒரு பத்தி போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் காலத்து 'ஷேர்' பட்டன்

ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது ஒரு பிரபுவின் மாளிகைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும், வீட்டுக்கு வரும் விருந்தாளி மட்டும் பார்ப்பார். அதை ஊருக்கே கொண்டுபோனது செப்புத் தகடு.

வேலை நடந்த விதம் இது. வழவழப்பான செப்புத் தகட்டில் உளி போன்ற கூர்முனைக் கருவியால் கோடு கோடாக ஓவியத்தைப் படியெடுப்பார்கள். மை தடவித் துடைத்தால் மேற்பரப்பு சுத்தமாகிவிடும், பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளையில் அழுத்தினால் அந்த மை காகிதத்துக்கு ஏறிவிடும். 'மெசோடின்ட்' என்று இன்னொரு முறையும் உண்டு. அதில் தகடு முழுவதையும் முதலில் பல் வைத்த கருவியால் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அப்படியே அச்சிட்டால் முழுக்கக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். நெற்றி, மூக்குத்தண்டு, சட்டைப் பொத்தான், வாளின் கைப்பிடி என்று இருட்டுக்குள்ளிருந்து முகம் மெல்ல எழுந்து வரும். ராணுவச் சீருடைக்கென்றே கண்டுபிடித்தது போன்ற முறை. தகடு தேய்ந்து போவதற்குள் சில நூறு படிகள் எடுக்கலாம்.

லண்டனில் இந்தப் படங்களுக்கென்று தனிக் கடைகள் இருந்தன. கண்ணாடி ஜன்னலில் புதுப் படம் ஏறினால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். முன்பணம் கட்டியவர்களுக்கு முதல் படிகள் கொடுக்கும் சந்தா முறையும் இருந்தது, இன்றைக்கு நாம் சொல்லும் 'கிரவுட் ஃபண்டிங்'தான். போரில் ஜெயித்த தளபதியின் முகம் ஆறு மாதத்தில் ஒரு வணிகனின் வரவேற்பறையில் தொங்கும்.

இதில் அதிகம் லாபம் அடைந்தவர் கார்ன்வாலிஸ் பிரபு. அமெரிக்கப் புரட்சியில் 1781ல் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தது அவருடைய சேனைதான். சரணடையும் சடங்குக்குக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தனக்குக் கீழிருந்தவரை அனுப்பிவைத்தவர். அப்படிப்பட்டவரை இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்புகிறார்கள். 1792ல் திப்புவைப் பணியவைத்து, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்குகிறார். அவ்வளவுதான், ஓவியர்களுக்கு விருந்து. ராபர்ட் ஹோம் வரைந்தார், லண்டனில் இருந்தபடியே மேதர் பிரவுன் வரைந்தார். பிரவுனின் ஓவியத்தை டேனியல் ஓர்ம் தகட்டில் செதுக்க, படிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு மனிதனின் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொண்ட காட்சியை, பாசமுள்ள தகப்பன் குழந்தைகளை வரவேற்பது போல மாற்றிக் காட்டியதில்தான் அந்தப் படங்களின் சாமர்த்தியம். அமெரிக்காவைத் தோற்ற தளபதி போய், குழந்தைகளின் கைபிடித்த தளபதி வந்துவிட்டார்.

சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால் அவருடைய பளிங்குச் சிலை நிற்கிறது. பீடத்தைக் குனிந்து பார்த்தால் அங்கேயும் அதே குழந்தைகள் காட்சி.

தலை போனது, முகம் போகவில்லை

அதே காலத்தில் பிரான்ஸில் புரட்சி. அங்கே ராணுவ உயர் பதவிகள் பெரும்பாலும் பிரபுக் குடும்பங்களின் கையில். புரட்சி வந்ததும் அவர்களில் சிலர் ஓடிப்போனார்கள், சிலர் புரட்சிப் படைக்கே தளபதி ஆனார்கள். கஸ்தீன் பிரபு 1792ல் ஜெர்மனிக்குள் நுழைந்து ஊர்களைப் பிடித்த வீரர், 1793 ஆகஸ்டில் கில்லட்டினில் தலை போனது. அமெரிக்கப் புரட்சிக்குப் போய்ச் சண்டையிட்ட லோசான் பிரபுவும் அதே ஆண்டின் கடைசி நாளில் வெட்டப்பட்டார். இவர்களுடைய அச்சுப்படங்கள் பாரிஸில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தன. தகட்டில் ஏறிவிட்ட முகத்தை கில்லட்டினால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்னொரு ருசியான கதையும் உண்டு. 1786ல் ழில்-லூயி க்ரெத்தியான் என்பவர் 'ஃபிசியோனோட்ரேஸ்' என்று ஒரு கருவி செய்தார். ஆளைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, கருவியின் முள்ளால் நெற்றியிலிருந்து தாடைவரை ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போனால், மறுமுனையில் உள்ள பென்சில் அதே கோட்டைக் காகிதத்தில் இழுக்கும். அதைச் சிறிதாக்கித் தகட்டில் செதுக்கி, தகட்டோடு ஒரு டஜன் படிகளையும் கையில் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம். பிரெஞ்சு அரச காவற்படையில் அதிகாரியாக இருந்த செயின்ட்-மெமின் என்ற இளம் பிரபு, புரட்சியில் எல்லாவற்றையும் இழந்து 1793ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வாள் பிடித்த கைக்கு இந்தக் கருவிதான் சோறு போட்டது. வாஷிங்டனையும் ஜெபர்சனையும் பக்கவாட்டில் உட்காரவைத்து வரைந்து, நூற்றுக்கணக்கான முகங்களைத் தகட்டில் ஏற்றினார். பிழைப்புக்காகச் செய்த வேலைதான். ஆனால் அந்தத் தலைமுறை அமெரிக்கர்கள் எப்படி இருந்தார்கள் என்று இன்று தெரிவதற்கு அவரும் ஒரு காரணம்.

சம்மட்டிபுரத்தில் ஓர் உடல்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் காளவாசல் தாண்டிச் சில நிமிடத்தில் சம்மட்டிபுரம். தினமும் அந்த வழியில் அலுவலகம் போய்வருபவர்களில் எத்தனை பேர் கான்சாகிப் பள்ளிவாசலை உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

கான்சாகிப் எனும் முகமது யூசுப் கான், ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர் என்பது வழக்கு. கம்பெனியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்து, சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியாக உயர்ந்தவர். கம்பெனி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. மதுரையையும் திருநெல்வேலியையும் நிர்வகிக்கும் பொறுப்பையும் கொடுத்தது. 1763ல் ஆற்காடு நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்தார், பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மதுரைக் கோட்டையை வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் சண்டையில் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கூட இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15ல் இந்தச் சம்மட்டிபுரத்தில்தான் தூக்கு. ஆம், அதுவும் அக்டோபர்தான். உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள், தலை திருச்சிக்குப் போனது. மிச்சம் இங்கே புதைக்கப்பட்டது. அதன்மேல் 1808ல் எழுந்த கட்டடம்தான் இன்று நிற்பது.

இப்போது முகக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். யூசுப் கானின் திறமையைக் கண்டு வளர்த்த மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸை, இங்கிலாந்தின் முதல்தர ஓவியரான ஜோஷுவா ரெனால்ட்ஸே வரைந்திருக்கிறார். அந்த ஓவியம் மெசோடின்டாகவும் அச்சாகியிருக்கிறது. யூசுப் கானைத் தூக்கில் போடவைத்த நவாப் முகமது அலியை டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் என்று ஒன்றுக்கு இரண்டு ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். கழுத்து நிறைய முத்து, இடுப்பில் வாள், கண்ணில் ஒரு களைப்பு. நவாபுக்குக் கழுத்தளவு கடன், அதற்கிடையிலும் தன் படத்தைக் கடல்தாண்டி அனுப்பிவைக்க மறக்கவில்லை. லண்டனில் தன் முகம் தொங்கினால்தான் அங்கே தன்னை மன்னராக மதிப்பார்கள் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

குருவுக்கு முகம் இருக்கிறது. கொன்றவருக்கு முகம் இருக்கிறது. யூசுப் கானுக்கு இல்லை. இன்று 'மருதநாயகம்' என்று தேடினால் வருவது கமல்ஹாசன் முகம். 1997ல் இங்கிலாந்து ராணியை அழைத்துத் தொடக்க விழா நடத்தி, முடிக்கப்படாமலே நின்றுபோன படத்தின் ஸ்டில். எடுத்து முடிக்காத ஒரு சினிமாவே ஒரு மனிதனுக்கு முகம் கொடுத்துவிட்டது என்றால், அந்த இடம் எவ்வளவு காலியாக இருந்திருக்க வேண்டும்!

நம்மிடம் உருவம் தீட்டும் மரபு இல்லையா?

இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தொப்பையோடு கல்லில் நிற்கிறார். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரில் சேதுபதி மன்னர் அமர்ந்திருக்கிறார், எதிரே வெள்ளைக்காரர்கள். ஆனால் அவை ஒரே இடத்தில் நிற்பவை. சுவர் இடிந்தால் முகமும் போகும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801ல் இடித்து மண்ணோடு மண்ணாக்கியபோது உள்ளே சுவரில் எந்த உருவம் இருந்திருந்தாலும் அதோடு போயிருக்கும். தரங்கம்பாடியில் 1713லிருந்தே தமிழில் அச்சு ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அது வேதப் புத்தகத்துக்கான அச்சு. பாளையக்காரரின் முகத்தை அச்சேற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வார்த்தையில் மிஞ்சியவை

படம் இல்லையே தவிர, பார்த்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் எதிரிகள் என்பதால் நாம் அவற்றை அதிகம் படிப்பதில்லை. அது நமக்குத்தான் நஷ்டம்.

பானர்மேன் தூக்குக்கு மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் கட்டபொம்மனின் பார்வை இருக்கிறது. விசாரணை நடந்த நேரம் முழுக்க அவர் அஞ்சவில்லை, எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு முறைத்துக்கொண்டே இருந்தார், தூக்குமேடைக்கு நிமிர்ந்து நடந்து போனார், போகும்போதும் இருபக்கமும் நின்ற பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார் என்ற பொருளில் எழுதுகிறார். மூக்கு எப்படி, தாடை எப்படி என்று ஒரு சொல் கிடையாது. ஆனால் கண் இருக்கிறது. கோபம் வெள்ளைக்காரனைவிட, வேடிக்கை பார்க்க வந்த சொந்த ஊர்க்காரர்கள் மேல் இருந்தது என்பதும் தெரிகிறது. எந்த போஸ்டரிலும் அந்தப் பார்வை இல்லை. போஸ்டரில் அவர் பார்ப்பது நம்மை, கொஞ்சம் பெருமிதத்தோடு.

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் இன்னும் தாராளம். பாளையக்காரர் போரில் இளம் அதிகாரியாகச் சண்டையிட்டவர், 1830ல் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகமாக லண்டனில் வெளியிட்டார். போருக்கு முன்னால் சின்ன மருதுவிடம் பழகியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான் என்கிறார். சின்ன மருது பார்க்க லட்சணமான, கொஞ்சம் சதைப்பிடிப்பான, யாரும் எளிதில் அணுகக்கூடிய மனிதராம். பெரிய மருது ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைக்கும் பலசாலியாம்.

ஊமைத்துரையைப் பற்றி அவர் சொல்வதுதான் நம்மைத் தூக்கிவாரிப்போடும். உயரமான, ஒல்லியான, பார்த்தால் நோயாளி போலத் தெரிகிற ஓர் இளைஞர். வாய் பேசாதவர். சைகையிலேயே ஒரு சேனையை நடத்தியவர். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப்போட்ட கோட்டையை ஒரு சில நாளில் திரும்பக் கட்டி எழுப்பி, கம்பெனிப் படையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தவர். இந்த உருவத்தை நம் ஃப்ளெக்ஸில் தேடிப் பாருங்கள். கிடைப்பது அண்ணனின் ஜெராக்ஸ்: அதே புஜம், அதே மீசை. நோஞ்சானாகத் தெரிந்த ஒருவரால் இவ்வளவையும் செய்ய முடிந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த விஷயத்தைத்தான் ஜிம் பாடி வரைந்து நாம் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

வெல்ஷின் புத்தகத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் உண்டு. மருதுவின் முகம் மட்டும் இல்லை. ஆனால் ஒரு முகத்தை அவர் பல வருஷம் கழித்துப் பார்க்கிறார். 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டவர்களை 1802ல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். துரைச்சாமி அப்போது சிறுவன். 1818ல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது ஒருவர் அவரைத் தேடி வருகிறார். வயதுக்கு மீறித் தளர்ந்து ஒடுங்கிப்போன ஆள். அவர்தான் துரைச்சாமி. ஒரு காலத்தில் வளரி கற்றுக்கொடுத்தவரின் மகன். எதிரி அதிகாரியின் நினைவில் மட்டும் அந்த முகம் பதிவானது. அதை வரைந்துவைக்க அவருக்கும் தோன்றவில்லை.

1959ல் கிடைத்த முகம்

காலி இடம் ரொம்ப நாள் காலியாக இருக்காது. ம.பொ.சி. புத்தகம் எழுதி கட்டபொம்மனை மேடைக்குக் கொண்டுவந்தார். சிவாஜி கணேசன் அதை நாடகமாக நடித்து, 1959ல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் சினிமாவாகவும் கொடுத்தார். அதே ஆண்டில் கண்ணதாசன் மருது சகோதரர்களை வைத்து 'சிவகங்கைச் சீமை' எடுத்தார். சிவாஜி படத்தின் அலைக்கு முன்னால் அது நிற்கவில்லை. கயத்தாறில் தூக்கிலிட்ட இடத்துக்கு அருகே நிலம் வாங்கி, 1970ல் சிலை வைத்தவரும் சிவாஜிதான். ஒரு நடிகர் முதலில் முகம் கொடுத்து, பிறகு அந்த முகத்துக்கு நிலமும் வாங்கிக் கொடுத்த கதை வேறு எங்காவது உண்டா?

அப்புறம் அரசு முத்திரை. 1999ல் கட்டபொம்மனுக்கும், 2004ல் மருது சகோதரர்களுக்கும், 2008ல் வேலுநாச்சியாருக்கும் தபால்தலைகள் வந்தன. மதுரையில் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் கட்டபொம்மன் குதிரையில் போகிறார், தெப்பக்குளத்தில் மருது சகோதரர்கள் நிற்கிறார்கள். இருநூறு வருஷம் தாமதமாக நம்முடைய வீரர்கள் தகட்டில் ஏறினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. முகத்தை அழித்தவன் ஒருத்தன், அதைத் திரும்ப வரைந்துகொள்வது நம் உரிமை. திருவள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? வேணுகோபால சர்மா வரைந்தார், அரசு ஏற்றுக்கொண்டது, பஸ்ஸில் எல்லாம் மாட்டினோம். அது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்தப் படம் யாரையும் ஏமாற்றவில்லை. (அந்தக் கற்பனைப் படத்துக்கே என்ன நிறத்தில் உடை உடுத்துவது என்று 2019ல் சண்டை வந்தது வேறு கதை.)

பாளையக்காரர்கள் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இங்கே கற்பனை என்று யாரும் சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் கட்டபொம்மன் படத்துக்குக் கீழே 'கட்டபொம்மன்' என்றுதான் போடுகிறோம், பாரதியார் படத்துக்குக் கீழே 'பாரதியார்' என்று போடுவது மாதிரியே. பாரதியின் படம் கேமரா எடுத்தது, கட்டபொம்மனின் படம் ஓர் ஓவியரின் மனதிலிருந்து வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டாமா?

'இதனால் என்ன குடி முழுகிப்போகிறது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரைக்காரர்களுக்குப் பதிலும் தெரியும். முகம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தால், முதலில் கை வைக்கிறவர் அதைத் தன் ஜாடைக்கு மாற்றிக்கொள்வார். எந்த அமைப்பு போஸ்டர் ஒட்டுகிறதோ அதன் கொடி நிறம் வீரரின் அங்கவஸ்திரத்தில் ஏறுகிறது. நெற்றிக்குறி மாறுகிறது, மீசை கூடுகிறது. 'எங்க ஆளு' என்ற உரிமைப் பத்திரத்துக்கு அந்த முகம்தான் முத்திரை. சிவகங்கை ஜமீனைச் சேர்ந்த பெண்மணிக்காகவும், பாஞ்சாலங்குறிச்சித் தம்பிக்காகவும், திண்டுக்கல் கோபால நாயக்கருக்காகவும் சாதி பார்க்காமல் கைகோத்து நின்ற கூட்டணி அது. அந்தக் கூட்டணியின் முகங்களைத் தெருத் தெருவாகப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது புதிதாக இன்னொன்று. ஏஐ செயலியில் நான்கு வரி தட்டினால் 'மருது பாண்டியரின் உண்மை முகம்' என்று வியர்வைத் துளியோடு, தோல் சுருக்கத்தோடு ஒரு படம் வந்துவிடுகிறது. பழைய காலண்டர் ஓவியத்தைப் பார்த்தால் ஓவியம் என்று தெரியும். இது போட்டோ மாதிரியே இருக்கிறது. குடும்ப குரூப்பில் ஃபார்வர்ட் ஆகி நான்காவது கைக்குப் போகும்போது அது ஆவணமாகிவிடும். அந்தச் செயலிக்கு வெல்ஷ் எழுதியதும் தெரியாது, பானர்மேன் எழுதியதும் தெரியாது. ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் சினிமா முகங்களையும் காலண்டர் முகங்களையும் அரைத்துத்தான் அது புதுமுகம் தருகிறது. ஜெராக்ஸின் ஜெராக்ஸ்.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பாடநூல் கழகம் படத்துக்குக் கீழே 'ஓவியரின் கற்பனை' என்று இரண்டு சொல் சேர்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சி நினைவுக் கோட்டையிலும் அருங்காட்சியகங்களிலும் யார், எந்த ஆண்டில் வரைந்தது என்று ஒரு பலகை வைக்கலாம். பக்கத்திலேயே, நேரில் பார்த்தவர்கள் எழுதியதைத் தமிழில் எழுதி மாட்டலாம்: ஒல்லியான ஊமைத்துரை, எளிமையாகப் பழகிய சின்ன மருது, முறைத்துக்கொண்டே நடந்த கட்டபொம்மன். படத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் அந்த வரிகளும் இருக்கட்டும்.

சின்ன மருதுவே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார் என்பதையும் அந்தப் பலகையில் சேர்த்துக்கொள்ளலாம். 1801 ஜூன் 16ல் வெளியான ஜம்புத் தீவு அறிக்கை. திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. வெள்ளைக்காரனை எதிர்க்க எல்லாச் சாதியாரையும் எல்லா மதத்தாரையும் கூப்பிட்டது. கையால் எழுதிய காகிதம். அதில் கையெழுத்து இருந்தது, முகம் இல்லை.